மாங்காட்டில் ஒரு கைப்பேசி வாங்கிய கதை

மாங்காட்டுக்கு வெளியூரிலிருந்து வருகிறவர்கள் பெரும்பாலும் செவ்வாய், வெள்ளிக் கிழமைகளில் வருகிறார்கள். காமாட்சி அம்மன் கோயிலுக்கு ஆறு வாரம் எலுமிச்சம்பழத்தோடு வருவதாக வேண்டிக்கொண்டவர்கள் அவர்கள். பூக்கடைகளும் பழத்தட்டுகளும் செருப்பு வைக்கும் இடங்களும் நிறைந்த ஒரு தெருவைப் பார்த்துவிட்டு, இதுதான் மாங்காடு என்று எண்ணித் திரும்பிவிடுகிறார்கள். ஒரு காலத்தில் மாமரக் காடாக இருந்ததால் இப்பெயர் பெற்றதென்று சொல்லப்படும் ஊர், பின் பேரூராட்சியாகி, 2021இல் நகராட்சியும் ஆகிவிட்டது. இப்போது மாமரத்தைத் தேடித்தான் காணவேண்டும். மாடி வீட்டைத் தேட வேண்டியதில்லை.

விடியற்காலை நான்கரை மணிக்கு நாங்கள் காணும் மாங்காடு வேறு. குன்றத்தூர் சாலையும் பூந்தமல்லிச் சாலையும் அப்போது இன்னும் இருட்டாகவே இருக்கும். தெருமுனைகளில் மூவர் நால்வராக இளம்பெண்கள் நின்றுகொண்டிருப்பார்கள். தலை ஈரம் காய்ந்திருக்காது; கழுத்துப் பட்டையில் அடையாள அட்டை தொங்கும்; கையில் ஒரு சிறு பை. ஆலைப் பேருந்து ஒன்றன்பின் ஒன்றாக வந்து அவர்களை ஏற்றிக்கொண்டு மேற்கே செல்லும். பால் வாங்கத் திரும்பும் நேரத்தில் தெரு மீண்டும் வெறிச்சோடிக் கிடக்கும். அப்பெண்களில் பலர் அன்று முழுவதும் தொட்டுத் தொட்டு ஒப்பேற்றும் பொருள், இதைப் படிக்கும் நேயர்களின் சட்டைப் பையிலோ கைப்பையிலோ இப்போது இருக்கிறது. அந்தப் பொருளை வாங்க நாங்கள் அலைந்த கதையைத்தான் சொல்ல வந்தோம்.

எங்களைப் பற்றி ஒரு சொல். எங்களுள் ஒருவர் ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலையில் 34 ஆண்டுகள் பரிசோதனைப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். மற்றவர் பள்ளி ஆசிரியையாக இருந்தவர். கணவன், மனைவி என்று எழுதிக்கொண்டிருப்பதைவிட ஆவடிக்காரர், ஆசிரியை என்று எழுதுவது எங்கள் இருவருக்குமே வசதி.

பதினான்கு ஆண்டுகளுக்கும் மேலாக எங்கள் வீட்டில் ஒரே ஒரு கைப்பேசிதான் இருந்தது. 2010இல் பூந்தமல்லியில் வாங்கிய நோக்கியா, பொத்தான்கள் உள்ளது, தலையில் டார்ச் விளக்கு எரிவது. இந்த டார்ச் விளக்கு வந்த கதையும் சுவையானது. 2003இல் அந்நிறுவனம் 1100 என்ற எளிய மாதிரியை வெளியிட்டபோது, தூசும் மின்வெட்டும் உள்ள நாடுகளை நினைத்தே அதில் விளக்கையும் தூசு புகாத பொத்தான் தட்டையும் வைத்தது. உலகெங்கும் 25 கோடிக்கு மேல் விற்ற கைப்பேசி அது. எங்களுடையது அந்த வம்சத்தில் சற்றுப் பின்னால் பிறந்தது. எத்தனை முறை கீழே விழுந்ததென்று கணக்கில்லை. ஒரு முறை அரிசிப் பானைக்குள் இரண்டு நாள் கிடந்தது. எடுத்தபோதும் மணி அடித்தது.

சென்ற அக்டோபரில் அதன் முதுகு வீங்கியது. பேட்டரி உப்பிவிட்டதென்று ஆவடிக்காரர் கண்டுபிடித்து, நகத்தால் மூடியைத் திறந்து எடுத்து வெளியே வைத்தார். லித்தியம் பேட்டரி உப்பினால் மேற்கொண்டு மின்னேற்றக் கூடாது, அழுத்தவும் குத்தவும் கூடாது என்பது அவருக்குத் தெரியும். பேட்டரி இருந்த குழிக்குள் ஒரு வெள்ளைச் சீட்டு. அதில் பதினைந்து இலக்க எண். அடியில், இந்தியாவில் தயாரானது என்று ஆங்கிலத்தில் ஒரு வரி. இத்தனை ஆண்டுகள் கையில் வைத்திருந்தும் அந்த வரியை நாங்கள் படித்ததில்லை.

“எங்கே செய்திருப்பார்கள்?” என்றார் ஆசிரியை.

“வேறெங்கே? ஸ்ரீபெரும்புதூரில்தான்” என்றார் ஆவடிக்காரர்.

புதிது வாங்கியாக வேண்டும் என்பதற்கு மூன்று காரணங்கள் எங்கள்முன் வந்து நின்றன. முதலாவது, நவம்பர் மாதம். ஓய்வூதியம் பெறுபவர் தாம் உயிரோடிருப்பதை ஆண்டுக்கொரு முறை மெய்ப்பிக்க வேண்டிய மாதம் அது. 2014இல் இதற்கு மின்னணுச் சான்று வந்தது. 2021 முதல் கைப்பேசிக் கேமராவில் முகத்தைக் காட்டினாலே போதும் என்றாகிவிட்டது. (தபால்காரரை வீட்டுக்கு அழைத்தும் செய்துகொள்ளலாம், எங்கள் தெருவில் பலர் அப்படித்தான் செய்கிறார்கள். ஆகவே இந்தக் காரணத்தை நாங்கள் கொஞ்சம் பெரிதாக்கியே சொன்னோம் என்பதை ஒப்புக்கொள்கிறோம்.) இரண்டாவது, மஸ்கட்டில் இருக்கும் மகளும் நாங்கள் இன்னும் நேரில் பாராத பேரக்குழந்தையும். மூன்றாவது காரணத்தைப் பின்னால் சொல்வோம். அது எங்களுடையது அன்று.

கையில் பன்னிரண்டாயிரம் ரூபாய் ஒதுக்கிக்கொண்டு மாங்காடு கடைத்தெருவுக்குப் புறப்பட்டோம். பழத்தட்டுக் கடைக்கும் பாத்திரக் கடைக்கும் நடுவில், கண்ணாடிப் பெட்டிகளும் கண்ணைப் பறிக்கும் விளக்குகளுமாக இருந்தது கைப்பேசிக் கடை. வாசலில் ஒரு தம்பி மேசை போட்டு, கைப்பேசிகளின் முகத்துக்குக் கண்ணாடி ஒட்டிக்கொண்டிருந்தார். உள்ளே இருந்தவர் எங்களை அமரவைத்துத் தண்ணீர் கொடுத்து, நான்கு கைப்பேசிகளை எடுத்துப் பரப்பினார். எட்டாயிரத்து ஐந்நூறு, பன்னிரண்டாயிரம், பதினெட்டாயிரம். நான்காவதன் விலையைக் கேட்க எங்களுக்குத் துணிவில்லை.

“ராம் எட்டு, ஸ்டோரேஜ் இருநூத்தி அம்பத்தாறு, கேமரா அம்பது மெகாபிக்சல், ஃபைவ் ஜி” என்று அவர் ஒரே மூச்சில் சொன்னார். பஞ்சாங்கம் வாசிப்பதைப் போல் இருந்தது. ஆசிரியை ஒரே ஒரு கேள்வி கேட்டார்: “மணியோசை எனக்குச் சமையலறையிலிருந்து கேட்குமா?” அதற்கு அவரிடம் எண் இல்லை. ஆவடிக்காரர் கேட்ட கேள்வி, “இது எத்தனை வருஷம் உழைக்கும்?” கடைக்காரர் சிரித்தார். “ரெண்டு வருஷம் வச்சிருங்க சார். அப்புறம் எக்ஸ்சேஞ்சுல போட்டுடலாம்.”

போர்த்தளவாடத் தொழிலில் இருந்தவருக்கு இது விளங்கவில்லை. ஆவடியில் 1965 இறுதியில் வெளிவந்த முதல் விஜயந்தா டாங்கி, பல பத்தாண்டுகள் படையில் உழைத்தது. இரண்டே ஆண்டில் மாற்றிவிடுங்கள் என்று சொல்லி ஒரு பொருளை விற்க முடியும் என்பதே அவருக்குப் புதுமை. யோசித்து வருகிறோம் என்று எழுந்துவிட்டோம். “தவணை முறையும் இருக்கு சார், மாசம் ஆயிரத்து இருநூறுதான்” என்ற குரல் தெருவரை எங்களோடு வந்தது.

எங்கள் மாடிப் பகுதியில் நான்கு பெண்கள் குடியிருக்கிறார்கள். நால்வரும் ஆலைத் தொழிலாளர்கள்; நால்வருக்கும் நான்கு ஊர். அவர்களுள் வந்தவாசிப் பக்கத்துப் பெண் சற்று அதிகமாகப் பேசுவாள். சுங்குவார்சத்திரம் பக்கத்தில் ஓர் ஆலையில் கைப்பேசி ஒப்பேற்றும் வரிசையில் வேலை. அன்று மாலை துணி எடுக்க வந்தவளை ஆசிரியை பிடித்துக்கொண்டார். “நீ செல்போன் கம்பெனியிலேதானே இருக்கே? எங்களுக்கு ஒண்ணு பார்த்துச் சொல்லேன்.”

அவள் சிரித்த சிரிப்பில் எங்களுக்கே வெட்கமாகிவிட்டது. “அம்மா, நாங்க செய்யற போன் என் நாலு மாசச் சம்பளம்” என்றாள். பிறகு தன் கைப்பேசியை எடுத்துக் காட்டினாள். ஒரு மூலையில் நட்சத்திரம் போல் உடைந்து, மேலே கண்ணாடித்தாள் ஒட்டியிருந்தது. “இது ஒன்பதாயிரம். மூணு வருஷமா இருக்கு. இன்னும் ஓடும்.”

ஆவடிக்காரருக்குத் தொழில் ஆர்வம் பற்றிக்கொண்டது. வரிசையில் அவள் வேலை என்ன, எத்தனை வினாடி, யார் பரிசோதிப்பது என்று அடுக்கினார். அவள் பாதிக்குமேல் சொல்லவில்லை. வெளியில் பேசக் கூடாதென்று கையெழுத்து வாங்கியிருக்கிறார்கள் என்றாள். “என் கைக்கு வரது ஒரே வேலைதான் ஐயா. ஷிஃப்ட் முழுக்க அதேதான். முழுசா ஒரு போனை நான் ஒட்டி முடிச்சுப் பார்த்ததே கிடையாது.” சிறிது நேரம் கழித்து, “உள்ளே நுழையறப்போ எங்க போனை வாங்கி லாக்கர்ல வச்சிடுவாங்க” என்றும் சொன்னாள்.

அப்போதுதான் எங்களுக்கு ஆகஸ்டில் நடந்தது நினைவுக்கு வந்தது. ஒரு மாலை அவளுடைய தந்தைக்கு மார்வலி வந்து வந்தவாசி மருத்துவமனையில் சேர்த்துவிட்டார்கள். தாய் மகளை அழைத்துக்கொண்டே இருந்திருக்கிறார். அவள் பிற்பகல் இரண்டு மணி முறையில் இருந்தாள். ஆலையின் அவசர எண்ணுக்குச் சொல்லலாம் என்பது அந்தத் தாய்க்குத் தெரியாது. இரவு பத்தரைக்குப் பேருந்தில் ஏறிக் கைப்பேசியை உயிர்ப்பித்தபோது முப்பத்தேழு தவறிய அழைப்புகள். தந்தை பிழைத்துக்கொண்டார். அன்றிரவு அவள் எங்கள் படிக்கட்டில் அமர்ந்திருந்தது எங்களுக்கு மறக்கவில்லை. அந்த இரவில் பேச ஒரு கைப்பேசி கொடுக்கக்கூட எங்களால் முடிந்தது. முன்னமே அந்த அழைப்பை வாங்கி ஆலைக்குச் சொல்ல முடிந்திருக்குமே என்பது அப்புறந்தான் தோன்றியது. எங்கள் மூன்றாவது காரணம் இதுவே.

கைப்பேசி வாங்குவதற்குமுன், நவம்பர் முதல் வாரத்தில், சுங்குவார்சத்திரத்தில் ஒரு பழைய சகப் பணியாளரின் வீட்டுத் திருமணத்துக்குப் போகவேண்டி வந்தது. பூந்தமல்லிக்கு வந்து காஞ்சிபுரம் செல்லும் பேருந்தில் ஏறினோம். பலமுறை போன சாலைதான். ஆயினும் அம்முறை கண் வேறு விதமாகப் பார்த்தது.

நசரத்பேட்டை தாண்டியதும் இடப்புறம் செம்பரம்பாக்கம் ஏரிக் கரை நீண்டு கிடக்கிறது. 24 அடி ஆழத்துக்கு நீர் தேக்கும் ஏரி. 2015 டிசம்பரில் இதிலிருந்து திறந்த வெள்ளம் அடையாற்றின் இரு கரையையும் என்ன செய்ததென்று எங்கள் பகுதியில் யாரிடம் கேட்டாலும் சொல்வார்கள். அதைக் கடந்தால் இருங்காட்டுக்கோட்டை. 1998இல் ஹூண்டாய் தன் முதல் சாண்ட்ரோ காரை இங்கிருந்துதான் வெளியே விட்டது. நாங்கள் இளமையில் இவ்வழி சென்றபோது வேர்க்கடலைக் கொல்லைகளும் பனைமரங்களுமே தென்பட்டன. பிறகு ஸ்ரீபெரும்புதூர். ராமானுஜர் பிறந்த ஊர் என்றுதான் ஆயிரம் ஆண்டுகளாக இதற்குப் பெயர். 1991 மே 21க்குப் பிறகு ராஜீவ் காந்தி உயிர் நீத்த ஊர் என்றும் ஆயிற்று. அதன் பிறகு ஒரு பத்தாண்டு, கைப்பேசி ஊர்.

அந்தப் பத்தாண்டைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். பின்லாந்து நாட்டு நோக்கியா நிறுவனம் தமிழ்நாட்டு அரசோடு 2005இல் உடன்படிக்கை செய்து, 2006இல் ஸ்ரீபெரும்புதூர் சிப்காட் வளாகத்தில் உற்பத்தியைத் தொடங்கியது. உறுப்புகள் செய்துதரும் நிறுவனங்களும் அதே வளாகத்தில் வந்து அமர்ந்தன. சுற்று வட்டாரத்திலிருந்தும் வட மாவட்டங்களிலிருந்தும் பன்னிரண்டாம் வகுப்பு முடித்த பெண்கள் ஆயிரக்கணக்கில் வேலைக்கு வந்தார்கள். கைப்பேசிகள் கோடிக்கணக்கில் இங்கிருந்து பல நாடுகளுக்குப் போயின. நாங்கள் எங்கள் கைப்பேசியை வாங்கிய அதே 2010இல், அக்டோபர் மாத இறுதியில், அந்த ஆலையில் ஓர் இளம்பெண் இயந்திரத்தில் சிக்கி உயிரிழந்தார். அப்போது செய்தித்தாளில் படித்திருக்கிறோம். படித்துவிட்டு அதே கைப்பேசியை எடுத்து யாரையோ அழைத்திருக்கவும் கூடும்.

முடிவும் விரைவாகவே வந்தது. மக்களின் விருப்பம் தொடுதிரைக்கு மாறியதில் நோக்கியா பின்தங்கியது. 2013இல் வருமான வரித்துறை ஏறக்குறைய 2,000 கோடி ரூபாய் வரி கேட்டது. ஆலைச் சொத்து முடக்கப்பட்டது. 2014 ஏப்ரலில் நோக்கியாவின் கைப்பேசித் தொழிலை மைக்ரோசாஃப்ட் வாங்கியபோது, உலகத்தின் மற்ற ஆலைகளில் பெரும்பாலானவை கைமாறின. வழக்கில் சிக்கிய ஸ்ரீபெரும்புதூர் ஆலை கைமாறாமல் நின்றது. மைக்ரோசாஃப்டுக்குக் கைப்பேசி செய்துகொடுக்கும் ஒப்பந்தமும் முடிய, 2014 நவம்பர் 1ஆம் நாள் உற்பத்தி நின்றது. ஏறத்தாழ எட்டாயிரம் பேருக்கு நேரடியாக வேலை தந்த இடம் அது. பக்கத்திலிருந்த பாக்ஸ்கான் ஆலையும் அவ்வாண்டு டிசம்பரில் மூடியது.

எங்கள் மாடிப் பெண்ணின் அக்காவும் ஸ்ரீபெரும்புதூருக்கு வேலைக்கு வந்தவர்தானாம். எந்த ஆலை என்று நாங்கள் துருவவில்லை. அது இப்போது இல்லை என்பதோடு அவள் நிறுத்திக்கொண்டாள்.

சுங்குவார்சத்திரம் நெருங்கும்போது சாலை ஓரத்தில் வரிசையாக ஆலைப் பேருந்துகள். மூடிய வாசல்கள் சில ஆண்டுகளில் மீண்டும் திறந்தன. பாக்ஸ்கான் திரும்பி வந்து, 2019இல் ஆப்பிள் ஐபோனை இங்கே ஒப்பேற்றத் தொடங்கியது. பழைய நோக்கியா வளாகத்தை எடுத்துக்கொள்வதாகச் சார்ஜர் செய்யும் சால்காம்ப் நிறுவனம் அதே ஆண்டு அறிவித்தது. ஆனால் அந்த நெடுஞ்சாலை எங்களுக்கு வேறு ஒரு நாளையும் நினைவூட்டியது. 2021 டிசம்பரில், பூந்தமல்லிப் பக்கத்து விடுதியொன்றில் தங்கியிருந்த பாக்ஸ்கான் பெண் தொழிலாளர்கள் 250க்கும் மேற்பட்டோர் கெட்டுப்போன உணவால் நோயுற்றார்கள். 159 பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். சிலர் இறந்துவிட்டார்கள் என்ற வதந்தி கைப்பேசிகளில் பரவியது. ஆயிரக்கணக்கான பெண்கள் இந்தச் சென்னை–பெங்களூரு சாலையில் அமர்ந்துவிட்டார்கள். ஏறத்தாழ 17,000 பேர் பணிபுரிந்த ஆலை நின்றது; 2022 ஜனவரி 12இல்தான் மீண்டும் இயங்கியது. விடுதிகளும் உணவுக்கூடங்களும் தரமற்றவை என்று ஆப்பிள் நிறுவனமே ஒப்புக்கொண்டது. அதன் பின்னர் சிப்காட் நிறுவனம் வல்லம் வடகாலில் 706 கோடி ரூபாய்ச் செலவில் 18,720 பெண்கள் தங்கும் குடியிருப்பைக் கட்டி 2024 ஆகஸ்டில் திறந்தது. எங்கள் பகுதி வீட்டு மாடிகள் அதனால் காலியாகிவிடவில்லை.

2024 ஜூனில் இன்னொரு செய்தியும் வந்தது. மணமான பெண்களை ஐபோன் ஒப்பேற்றும் வேலைக்கு எடுப்பதைத் தவிர்க்கிறார்கள் என்று ராய்ட்டர்ஸ் எழுதியது. நிறுவனம் அதை மறுத்தது. மத்திய தொழிலாளர் அமைச்சகம் மாநில அரசிடம் அறிக்கை கேட்டது. திருமண வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்த பேருந்தில் ஆசிரியை இதை நினைவுபடுத்தினார். மணப்பெண்ணும் ஓர் ஆலையில் இருப்பவள் என்று பந்தியில் தெரிந்தது. இனி என்ன செய்வாள் என்று கேட்க எங்களுக்கு வாய் வரவில்லை.

அடுத்த ஞாயிறு அவளுக்கு விடுமுறை. கடைக்கு எங்களோடு வந்தாள். அதே கடை, அதே நான்கு கைப்பேசிகள். கடைக்காரர் ஒன்றை எடுத்து, “இது சாம்சங். நம்ம ஸ்ரீபெரும்புதூர்லயே செய்யறது சார்” என்றார்.

“அண்ணா, இங்கே இருக்கற அவங்க ஃபேக்டரியில டி.வி., ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின்தான். போன் நொய்டாவுல” என்றாள் அவள். அதன்பிறகு கடைக்காரர் அவளைப் பார்த்தே பேசினார்.

அவள் தேர்ந்தெடுத்த முறையை நேயர்களுக்குச் சொல்வது பயன்படும். கேமரா எண்களை அவள் பார்க்கவே இல்லை. இந்த மாதிரி எந்த ஆண்டு வெளிவந்தது, பாதுகாப்பு மென்பொருளை எத்தனை ஆண்டுகள் புதுப்பித்துத் தருவதாக நிறுவனம் எழுதிக் கொடுத்திருக்கிறது என்றுதான் முதலில் கேட்டாள். புதுப்பிப்பு நின்றுபோன கைப்பேசியில் சில ஆண்டுகளில் வங்கிச் செயலிகள் இயங்க மறுக்கும். திருடனுக்கும் கதவு திறந்திருக்கும். பெட்டி புதிதாக இருந்தாலும் மூன்று ஆண்டுகளுக்கு முந்திய மாதிரியானால், அந்த ஆயுளில் பாதி கடை அலமாரியிலேயே கழிந்திருக்கும். எட்டாயிரத்து ஐந்நூறு ரூபாய்க் கைப்பேசி இதில் தள்ளுபடியாயிற்று. ஐரோப்பிய ஒன்றியம் 2025 ஜூன் 20 முதல் இதையே சட்டமாக்கிவிட்டது என்று பின்னர் அறிந்தோம். ஒரு மாதிரியின் விற்பனை நின்ற பிறகும் குறைந்தது 5 ஆண்டுகள் மென்பொருள் புதுப்பிப்பு, 7 ஆண்டுகள் மாற்று உறுப்புகள்; பேட்டரி 800 முறை மின்னேற்றிய பின்னும் தன் கொள்ளளவில் 80 விழுக்காடு வைத்திருக்க வேண்டும். இரண்டு வருஷம் வைத்திருங்கள் என்று அங்கே ஒரு கடைக்காரர் சொன்னால், ஏன் என்று கேட்க மக்களுக்கு ஒரு காகிதமாவது இருக்கிறது.

அடுத்தது பேட்டரி. எங்கள் பழைய கைப்பேசியில் நகத்தால் மாற்றியதை இவற்றில் பசை போட்டு ஒட்டி மூடியிருக்கிறார்கள். ஆகவே அந்நிறுவனத்தின் பழுதுபார்க்கும் நிலையம் பூந்தமல்லியிலோ போரூரிலோ இருக்கிறதா, அங்கே பேட்டரி மாற்ற என்ன ஆகும் என்று கடையிலிருந்தே அழைத்துக் கேட்கச் சொன்னாள். கடைக்காரர் முகம் சுளித்தாலும் கேட்டுச் சொன்னார். இதில் பதினெட்டாயிரம் ரூபாய்க் கைப்பேசி விழுந்தது. அதன் நிலையம் அண்ணா சாலையில்.

எஞ்சிய பன்னிரண்டாயிரத்தை ஆசிரியை கையில் கொடுத்து, எழுத்தைப் பெரிதாக்கிக் காட்டி, கடைக்கு வெளியே பேருந்து இரைச்சலில் நிறுத்தி, உள்ளேயிருந்து அழைத்தாள். “கேக்குதாம்மா?” ஆசிரியை தலையசைத்தார். தமிழில் தட்டச்சு வருகிறதா என்று ஆசிரியை சோதித்தார். இதில் எங்களுக்கு ஒரு சிறு பெருமை உண்டு. கைப்பேசியில் தமிழில் குறுஞ்செய்தி எழுத வழி செய்த செல்லினத்தை, மலேசியாவைச் சேர்ந்த முத்து நெடுமாறன் உருவாக்கி 2005இல் சிங்கப்பூரில் வெளியிட்டார். இன்றோ எந்தக் கைப்பேசியிலும் அம்மா என்று எழுதலாம்.

கதிர்வீச்சு பற்றி ஆசிரியைக்கு ஓர் அச்சம் இருந்தது. அதற்கும் வழி சொன்னாள்: நட்சத்திரம், ஹாஷ், 07, ஹாஷ் என்று அழுத்தினால் பல கைப்பேசிகளில் அளவு தெரியும். இந்தியாவில் 2012 செப்டம்பர் முதல் கிலோவுக்கு 1.6 வாட் என்பதே உச்ச வரம்பு. இதில் அதைவிடக் குறைவாகவே இருந்தது. பணம் கொடுக்குமுன் நட்சத்திரம், ஹாஷ், 06, ஹாஷ் என்று அழுத்தச் சொன்னாள். பதினைந்து இலக்க எண் திரையில் வந்தது. பெட்டியில் அச்சிட்ட எண்ணோடும் ரசீதில் எழுதிய எண்ணோடும் ஒவ்வோர் இலக்கமாக ஒத்துப்பார்த்தாள். KYM என்று எழுதி, இடம் விட்டு, அந்த எண்ணையும் சேர்த்து 14422க்குக் குறுஞ்செய்தியாக அனுப்பினால் அது கள்ளக் கைப்பேசியா என்று மத்திய அரசின் பதிவேடு சொல்லும்; தொலைந்துபோனால் இதே எண்ணை வைத்து முடக்கவும் செய்யலாம். இந்த ஏற்பாடு 2023 மே மாதத்தில் நாடு முழுவதற்கும் வந்தது. ஆகவே ரசீதைத் தொலைத்துவிடாதீர்கள்.

அவள் விரல் ஒவ்வோர் எண்ணாக நகர்ந்ததை ஆவடிக்காரர் பார்த்துக்கொண்டே இருந்தார். ஆவடியில் பரிசோதித்து முடித்த உறுப்பின்மேல் அவர் தம் எண் முத்திரையை அடிப்பார். ஏதேனும் பிழை நேர்ந்தால், இருபது ஆண்டு கழித்தும், இதைக் கடத்திவிட்டவன் இவன் என்று தேடிப் பிடிக்கலாம். “இதில் உங்கள் முத்திரை எங்கே அம்மா?” என்று கேட்டார்.

“எங்க பேரெல்லாம் இதுல வராது ஐயா” என்றாள்.

அன்றிரவு மஸ்கட்டிலிருந்து பேரக்குழந்தை திரையில் வந்தாள். ஆசிரியை பேசவில்லை, குழந்தையும் பேசவில்லை. இரண்டு நிமிடம் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நாங்கள் ஆவடிக் குடியிருப்பில் இருந்த காலத்தில் ஊரிலிருக்கும் தாயிடம் பேச ட்ரங்கால் பதிந்துவிட்டு அரை நாள் காத்திருந்ததும், 1995இல் கைப்பேசி இந்தியாவுக்கு வந்தபோது வருகிற அழைப்புக்கும் நிமிடத்துக்கு 16 ரூபாய்வரை கட்டணம் என்று கேட்டு வியந்ததும் நினைவுக்கு வந்தன. உயிரோடிருக்கும் சான்றும் மறுநாள் கிடைத்தது. கண்ணைச் சிமிட்டச் சொன்னது, சிமிட்டினோம், உயிரோடிருக்கிறீர்கள் என்றது.

பழைய நோக்கியாவுக்கு வாசலில் கண்ணாடி ஒட்டும் தம்பியே புதுப் பேட்டரி தேடிக் கொடுத்தார். இருநூறு ரூபாய். இப்போது அது ஆசிரியையின் சமையலறை அலமாரியில் இருக்கிறது. அதன் மணி வீடு முழுவதும் கேட்கும். பேட்டரி ஒரு வாரம் நிற்கும். அழைப்பு வந்தால் பச்சைப் பொத்தானை அழுத்துவதைத் தவிர வேறொன்றும் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. அதற்குள் ஆசிரியை முதலாவதாகப் பதிந்த எண் வந்தவாசியிலிருக்கும் அந்தத் தாயினுடையது. மகள் ஆலைக்குள் இருக்கும் நேரத்தில் அவசரம் என்றால் எங்களை அழைக்கட்டும் என்று சொல்லியாயிற்று. ஆலையின் அவசர எண்ணை ஓர் அட்டையில் பெரிய எழுத்தில் எழுதி, அலமாரிக் கதவில் ஒட்டியிருக்கிறோம். அவளது ஒப்பந்தம் இத்தனை மாதத்தில் முடிகிறது என்று அவள் சொன்னாள். அதற்குப்பின் எந்த ஊர், எந்த மாடி என்பது அவளுக்கே தெரியாது. அட்டை அதுவரை இருக்கும்.

நவம்பர் கடைசியில் ஒரு பிற்பகல், மணி மூன்றே கால் இருக்கும், அலமாரியில் நோக்கியா அலறியது. அவள் இரண்டு மணி முறைக்குப் போயிருந்தாள். ஆசிரியை கரண்டியைப் போட்டுவிட்டு ஓடினார். ஆவடிக்காரர் அட்டையைப் பார்த்தபடி நின்றார்.

“அம்மாங்களா? ஒண்ணுமில்லீங்க. பாப்பாவுக்கு அரிசியும் வேர்க்கடலையும் பஸ்ல போட்டு விட்டிருக்கேன். ஆறு மணிக்கெல்லாம் பூந்தமல்லிக்கு வந்துடும். அவளுக்கு லீவு கிடையாதாம். ஐயா போய் எடுத்துக்க முடியுங்களா?”

ஆவடிக்காரர் சட்டையை மாட்டிக்கொண்டு புறப்பட்டார்.